சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கப் போனவர்

பெரம்பலூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழ் முகாமில் இருந்தபோது போன் வந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். பத்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்ன ஸ்டெல்லா மேடம் பத்தரை ஆகியும் வரவில்லை என்று நான் எரிச்சலில் இருந்தேன். அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்ததால், "எங்க மேடம் இருக்கீங்க? இங்க நான் ஒருத்தனா அல்லாடுறேன்" என்றுதான் ஆரம்பித்தேன். பேசியது அவருடைய கணவர். "சார், ஸ்டெல்லா போயிட்டா சார். காலைப் பூசைக்குக் கெளம்பினவ, செருப்பு மாட்டக் குனிஞ்சா. அப்படியே உக்காந்துட்டா" என்றார்.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு தாய், "மேடம் வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டார். "வந்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லும் பொறுப்பை உடனிருந்த ஊழியரிடம் தள்ளிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். ஸ்டெல்லா மேடம் அப்படிப்பட்டவர் இல்லை. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வரதராஜன்பேட்டைக்காரர், இயன்முறை மருத்துவர். நான் சிறப்பு ஆசிரியர். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வேலை. அவர் கைகால்களைப் பார்ப்பார், நான் பேச்சையும் படிப்பையும் பார்ப்பேன். ஆண்டிமடம், உடையார்பாளையம், தா.பழூர் என்று பதினொரு வருடம் சேர்ந்து சுற்றினோம். எனக்கு இடது கால் போலியோவில் போனது. அதனால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான் எங்கள் வாகனம். நான் ஓட்டுவேன், அவர் பயிற்சிக்கான பெரிய ரப்பர் பந்தை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். சுண்ணாம்புக்கல் லாரி எதிரே வந்தால் அவர் ஜெபம் சொல்லத் தொடங்குவார். "என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்றால், "ஒங்க மேல இருக்கு சார். லாரிக்காரன் மேல இல்ல" என்பார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் குழந்தையைத் தொட மாட்டார். அம்மாவை உட்காரச் சொல்வார். டீ போட ஓடும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைப்பார், தானும் எதிரே உட்கார்வார். "ராத்திரி தூங்குனியாம்மா? நீ சாப்ட்டியா?" என்று கேட்பார். சில பெண்கள் அதற்கே அழுதுவிடுவார்கள். நேரம் ஆகிறது என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் வெளியே வந்ததும், "புள்ளைய நிக்க வைக்கிறது ரெண்டாவது சார். மொதல்ல அம்மாவ உக்கார வைக்கணும்" என்றார். எனக்கு அப்போது அது வீண் வேலையாகத்தான் தெரிந்தது.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் யாழினி என்ற குழந்தை இருந்தாள். நாங்கள் முதலில் பார்த்தபோது அவளுக்கு நாலரை வயது. நிற்க வைத்தால் ஆடுவாள், ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் கை தடுமாறித் தாண்டிப் போகும். பேச்சு நான்கைந்து சொற்கள். அம்மா செல்வி, தா.பழூர்ப் பெண். அப்பா வீரமணி லாரி ஓட்டுபவர். பாட்டி அஞ்சலை முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி, ஊரில் அவருக்குச் சொல்வாக்கு உண்டு. குழந்தை ஏன் இப்படி இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. திருச்சியில் ஒரு மருத்துவர் குழந்தை, தாய், தகப்பன் மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பல மாதம் கழித்து அறிக்கை செல்வியின் போனுக்கு வந்து சேர்ந்தது. யாழினிக்கு அப்போது ஆறு வயது ஆகியிருந்தது.

அறிக்கை முழுவதும் ஆங்கிலம். அன்று அது எங்களுக்கு ஐந்தாவது வீடு. ஸ்டெல்லா மேடம் போனை வாங்கி, நெற்றியைச் சுருக்கிப் படித்துவிட்டு, "மூளையில கால்சியத்த வச்சு வேலை செய்யிற ஒரு புரதம் இருக்கும்மா. இவளுக்கு அது சரியா வேலை செய்யல, அதான்" என்றார். அஞ்சலை உடனே, "கால்சியம்னா, புள்ளத்தாச்சிக்கு ஆஸ்பத்திரில குடுக்குறாங்களே, அந்த வெள்ள மாத்திரையா?" என்று கேட்டார். "ஆமாங்க, அதே கால்சியம்தான்" என்றார் மேடம். அஞ்சலை திரும்பி மருமகளைப் பார்த்தார். செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நடுவில் பயிற்சி வகுப்பு ஒன்று வந்ததால் மூன்று வாரம் கழித்துத்தான் போனோம். யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மேடம் தொட்டுப் பார்த்தார், வயிறு கல்லாக இருந்தது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டதற்குச் செல்வி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் இரண்டு, மதியம் இரண்டு, இரவில் இரண்டு என்று கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருக்கிறாள். போதாதென்று மோரில் வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு.

மேடம் அவளை உட்கார வைத்தார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கர்ப்பமாக இருந்தபோது அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டாலே அவளுக்குக் குமட்டுமாம். மாமியாருக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் முந்திரிக்காட்டில் வீசியிருக்கிறாள். ஒரு நாள் சருகு கூட்டும்போது அஞ்சலை கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்குத் திட்டியதோடு முடிந்த கதை, மேடம் சொன்ன ஒரு "ஆமாங்க"வில் உயிர் பெற்று எழுந்துவிட்டது. பிள்ளையைக் கெடுத்தவளே இவள்தான் என்று அஞ்சலை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுப்படிக்குள் விடுவதில்லை. வீரமணி லாரி ஷெட்டிலேயே தங்குகிறார். செல்வியைத் தா.பழூருக்கே அனுப்பிவிட்டு அவருக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று உடையார்பாளையத்தில் இருக்கும் நாத்தனார் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் செல்வி, "வயித்துல இருந்தப்ப நான் தூக்கிப் போட்டத, இப்பயாவது அவளுக்குக் குடுத்துடலாம்னு பாத்தேன் மேடம்" என்றாள்.

ஸ்டெல்லா மேடம் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை. முதலில் மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு மருந்து கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தார். வெளியே வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தவர், "வண்டிய எடுக்காதீங்க சார்" என்றார். "நான் பொய் சொல்லல. ஆனா அந்தம்மா கேட்டது வேற, நான் சொன்னது வேற. ஆமான்னு சொல்றதுக்கு முன்னாடி ஏன் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல." அங்கேயே உட்கார்ந்து திருச்சி மருத்துவருக்குப் போன் போட்டார். கூச்சமே படாமல், "டாக்டர், எனக்கே இது சரியாப் புரியல. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார்.

மருத்துவர் சொன்னதை நானும் கேட்டேன். அந்தப் புரதத்துக்கு ‘காம்டா-1’ என்று பெயர். மூளையின் நரம்பணுக்களுக்குள் கால்சியம் பாய்வது ஒரு செய்தி மாதிரி. அந்தச் செய்தியைப் பெற்றுக்கொண்டு, எந்த மரபணு இப்போது வேலையைத் தொடங்க வேண்டும் என்று முடுக்கிவிடும் புரதங்களில் இதுவும் ஒன்று. நடையைச் சமன் செய்யும் சிறுமூளைக்கு இது மிகவும் தேவை. யாழினிக்கு இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவில் ஒரு மாற்றம். தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. கரு உண்டாகும் நேரத்தில் தற்செயலாக நேர்ந்தது. உடம்பில் கால்சியம் குறைவதால் வருவது இல்லை, மாத்திரையால் தடுக்கவும் முடியாது, சரியாக்கவும் முடியாது.

போனை வைத்ததும் மேடம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மாமியார், புருஷன், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண், கிராம நர்ஸ், முந்திரி உடைக்கும் இடத்தில் தினமும் இருக்கும் இரண்டு பேர். "ஏழு பேரு சார். இந்த ஏழு காதுலயும் என் வார்த்த கெடக்கு. போயி எடுத்துட்டு வரணும்." எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் நம்ம வேலையா மேடம்? மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதாதா? மத்தவங்களுக்கு ஜீனும் புரதமும் புரியவா போகுது?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "தப்பு மட்டும் புரிஞ்சுதுல்ல அவங்களுக்கு? அப்ப சரியும் புரியும். வண்டிய எடுங்க" என்றார்.

முதலில் செல்வியிடம் சொன்னார். அடுத்து லாரி ஷெட்டுக்குப் போய் வீரமணியைக் கையோடு கூட்டிவந்து அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கொல்லையில் அவர்களுடைய போர்வெல் மோட்டார் இருந்தது. அதைக் காட்டித்தான் பேசினார். "லைன்ல கரண்ட் நல்லா வருது. ஆனா ஸ்டார்ட்டர் புடிக்க மாட்டேங்குது. மோட்டார் ஓடுமா?" ஓடாது என்றார் வீரமணி. "கரண்ட்ட இன்னும் கூட ஏத்திவிட்டா?" "எரிஞ்சு போயிடும் மேடம்." "அதான்யா இது. கால்சியம்ங்கிறது கரண்ட்டு. புள்ளைக்கு அதுல கொறையே இல்ல. மூளைக்குள்ள இருக்குற ஸ்டார்ட்டரு பொறக்கும்போதே அப்படி. செல்வி மாத்திரை போடலைங்கிறது இவளோட சொந்த ஒடம்புக்கு நல்லது இல்ல, அது வேற கதை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சுண்ணாம்புக்கல்லா கெடக்குற அரியலூர் மாவட்டத்துல பொறந்துட்டு சுண்ணாம்புச் சத்து இல்லாம ஒரு புள்ள கெட்டுதுன்னா, நம்ம மண்ணே சிரிக்கும்."

அஞ்சலை சிரிக்கவில்லை. "அப்ப இவ அந்த மாத்திரைய ஒழுங்கா தின்னுருந்தாலும்?" என்று கேட்டார். "தின்னுருந்தாலும் இப்படித்தாம்மா பொறந்திருக்கும்." "அப்ப யாரு மேலதான் தப்பு?" என்றார் அஞ்சலை. "புள்ள பொறந்ததுல யாரு மேலயும் இல்ல. இந்த மூணு வாரமா இந்த வூட்டுல நடந்ததுக்கு என் மேல. அன்னிக்கு ஆமாங்கன்னு சொன்னது நான்தான்" என்றார் மேடம். படித்தவர் ஒருவர் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து இப்படிச் சொல்வதை அஞ்சலை அதுவரை கேட்டிருக்க மாட்டார். "செல்வி, மேடத்துக்கு டீயப் போடு" என்றார். அடுப்படியைத் திரும்பக் கொடுத்தது அப்படித்தான்.

மற்றவர்களைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் ஆனது. முந்திரி உடைக்கும் பெண்கள் கையெல்லாம் கொட்டை ஓட்டின் எண்ணெயோடு கேட்டுக்கொண்டார்கள். நாத்தனார் உடையார்பாளையத்தில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள், மேடம் வாசலிலேயே நின்று சொன்னார். கிராம நர்ஸ் மட்டும் கோபப்பட்டார். "நீங்க இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, ஊருல ஒருத்தியும் மாத்திரை போட மாட்டா மேடம்" என்றார். "போடணும்னு நானும் சேந்து சொல்றேன். ஆனா ஒருத்தி மேல பொய்ப் பழியப் போட்டு மத்தவளுக்கு மாத்திரை குடுக்க வேணாம்" என்றார் மேடம். உள்ளுக்குள் நான் நர்ஸ் பக்கம்தான் இருந்தேன். என் அம்மா ஒரு நடவு நாளில் வேலைக்குப் போய்விட்டு எனக்குச் சொட்டு மருந்து போடாமல் விட்டவர். மாத்திரையை வீசும் தாய்மார்கள் மேல் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. அதை மேடத்திடம் நான் சொன்னதில்லை.

செல்வி அந்த வீட்டிலேயே இருந்தாள். வீரமணி ஷெட்டிலிருந்து திரும்பி வந்தார், மேடம் சொன்னபடி வாசலில் இரண்டு கம்பு நட்டு இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினார். யாழினி அதைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடக்கப் பழகினாள். அவளுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று மேடம் ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு நாலு அடி" என்பார். அவ்வளவுதான்.

வரதராஜன்பேட்டையில் அடக்கத்துக்கு அவர் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சக்கர நாற்காலிகள் கல்லறைத் தோட்டத்து மணலில் புதைந்தன, தகப்பன்மார்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். யாழினி மட்டும் யார் கையையும் பிடிக்காமல், ஆடி ஆடி, குழி வரைக்கும் நடந்துபோய் ஒரு பிடி மண்ணைப் போட்டாள். பாதி மண் வெளியே விழுந்தது. நான் அங்கே அழுதேன். அழுததை மறைக்கவும் இல்லை.

திரும்பும்போது செல்வி என்னிடம் வந்தாள். "எங்கப்பாவ ஒரு தடவ மேடம்கிட்ட கூட்டிட்டு வரணும்னு இருந்தேன் சார். மேடம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, எங்க மாமியாகூட மாறிட்டாங்க. எங்கப்பா மட்டும் ரெண்டு வருசமா வூட்டு வாசப்படி மிதிக்கல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. ஒரு வாத்தியாரே எங்கிட்ட சொன்னாருங்கிறாரு. எந்த வாத்தியாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு" என்றாள்.

அந்த வாத்தியார் நான்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, ஸ்டெல்லா மேடத்திடமும் சொல்லவில்லை. அறிக்கை வந்த பத்தாம் நாள் செல்வியின் அப்பா பழனிவேல் தா.பழூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஓடி வந்தார். அப்போது செல்வி மாத்திரையை வீசிய கதையையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். "சம்பந்தி வூட்டுல என்னென்னமோ சொல்றாங்க சார். எம்பொண்ணு மேலயா தப்பு?" என்று கேட்டார். என் கோபம் வாயில் வந்து நின்றது. "மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா புள்ள நல்லா இருந்திருக்கும். பொண்ண வளக்கும்போதே சொல்லி வளத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மேடம் விரல் விட்டு எண்ணியபோது எட்டாவது விரலை நான் மடக்கியிருக்க வேண்டும். மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் தா.பழூருக்குப் போனேன். பழனிவேல் வயலில் களை பறிப்பவர்களோடு நின்றிருந்தார். வரப்பில் என் காலோடு போக முடியாது, ரோட்டிலிருந்து கூப்பிட்டேன். சேற்றுக் காலோடு வந்து நின்றவரிடம் மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தெரியாம சொன்னேன், கோபத்துல சொன்னேன். ஒங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "நீங்க சொன்ன அன்னைக்கே போயி, சம்பந்தி வாசல்ல வச்சு அவள அறைஞ்சேன் சார். கல்யாணம் ஆன பொண்ணு. புள்ளைய இடுப்புல வச்சிருந்தா" என்றார். செல்வி இதை எங்கள் இருவரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு வந்து, "என்னைக் கொண்டு போயி விடுங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில், பின்னாலிருந்து, "இதச் சொல்ல ஒங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சா சார்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

செல்வி வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த யாழினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேச்சு மெதுவானது, ஒவ்வொரு எழுத்தாக வரும். "அம்மா… இது… யாரு?" என்று கேட்டாள். உள்ளிருந்து வந்த செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்டெல்லா மேடத்துக்கு ஏழு பேரிடம் போய்த் தன் சொல்லைத் திரும்ப வாங்கி வர மூன்று நாள் ஆனது. ஒரே ஒருவரிடம் போக எனக்கு இரண்டு வருடம் ஆனது, அதற்குள் ஒரு குழந்தை தன் தாத்தாவின் முகத்தை மறந்துவிட்டாள். அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, அவரவரிடம் அவரவர் ஸ்டெல்லா மேடம் இருப்பார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று நாளைத்தான்.